ஏகமனதாக உயர்ந்த என் வலது கை

அன்புள்ள தம்பி மகனுக்கு,

பெரியப்பாவின் ஆசிகள். இங்கே நானும் உன் பெரியம்மாவும், என் வலது கை ஒன்றைத் தவிர, நலமாக இருக்கிறோம். எங்கள் சமூக அறிவியல் கல்லூரியின் ஆண்டு மலரைத் தொகுக்கும் பொறுப்பைப் பல்கலைக்கழகப் பதிப்புத்துறை உன்னிடம் தந்ததில் எனக்குப் பெருமை. 'இந்த ஆண்டின் சாதனைகளும் மாற்றங்களும்' என்று ஒரு பக்கம் கேட்டிருந்தாய். பலமுறை எழுதிக் கிழித்துவிட்டு, அதற்குப் பதிலாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். இதை மலரில் போட வேண்டாம். போட்டாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்பது உனக்கே தெரியும்.

மாற்றங்களுக்குக் குறைவில்லை. வாசல் கதவு இப்போது அட்டை காட்டினால்தான் திறக்கிறது. ஓய்வுபெற்றவர்களின் அட்டையை அது சட்டை செய்வதில்லை என்பதால், யாராவது மாணவர் நுழையும்போது பின்னாலேயே ஒட்டிக்கொண்டு நுழைகிறேன். ஆசிரியர்கள் தேநீர் குடித்தபடி சண்டை போட்ட அறைக்கு 'உரையாடல் மையம்' என்று பலகை மாட்டி, முன்பதிவு கட்டாயம் என்று விதியும் போட்டார்கள். அன்றிலிருந்து அங்கே யாரும் உரையாடுவதில்லை. பணியிட மன அழுத்தம் பற்றிய ஆய்வுக்கு உளவியல் துறை பரிசு வாங்கியது. ஆய்வு செய்தவர்களில் இருவர் பரிசளிப்புக்கு வரவில்லை, மருத்துவ விடுப்பு. பொருளியல் துறை சிக்கனம் பற்றி மாநாடு நடத்தியது. அந்தச் செலவில் நூலகத்துக்கு இவ்வருடம் ஒரு புத்தகமும் வாங்க முடியவில்லை. எல்லாம் சாதனைப் பட்டியலில் இருக்கிறது, பார்த்திருப்பாய்.

தலையாய சாதனை, நான் வாழ்நாளெல்லாம் பாடம் சொன்ன மானிடவியல் துறையைப் பொருளியலோடு 'இணைத்தது'. அங்கே மிஞ்சியிருப்பவர் ஒரே ஒரு விரிவுரையாளர், என்னிடம் படித்த பெண். இணைப்பு முடிந்தால் அவருக்கு வேலை போய்விடும். மதிப்புறு பேராசிரியன் என்பதால் கல்லூரிக் குழுவில் எனக்கும் ஒரு வாக்கு உண்டு. அந்தக் கூட்டத்தில் முதல்வர், "யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். சொல்லணும்தான். ஆனால் எழுதி வைத்துக்கொள்ளாமல் எனக்குப் பேச வராது. சொல்ல வந்ததை எழுதினேன், 'அநியாயம்' என்ற சொல் கடுமையாகப்பட்டது, அடித்துவிட்டு 'சற்றே பொருத்தமற்றது' என்று மாற்றினேன், அதுவும் அதிகமோ என்று 'சற்றே'வுக்குப் பக்கத்தில் இன்னொரு 'சற்றே' போட்டேன், பிறகு கையைத் தூக்கினேன். அதற்குள் முதல்வர், "அப்ப ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க" என்று சொல்லி முடித்திருந்தார். அறையிலேயே என் கை ஒன்றுதான் மேலே நின்றது. "ஆகா, அய்யாவே முதல்ல தூக்கிட்டாங்க பாருங்க!" என்றார் முதல்வர். மூத்தவரே தூக்கியாச்சு, நமக்கென்ன என்று மற்ற கைகளும் வரிசையாக ஏறின. இறக்கலாம்தான், ஆனால் அத்தனை பேர் நம்மை நம்பித் தூக்கியிருக்கும்போது நாம் மட்டும் இறக்கினால் நன்றாகவா இருக்கும்? யோசித்துக்கொண்டிருக்கும்போதே புகைப்படக்காரர் எடுத்துவிட்டார். அந்தப் படம்தான் மலரின் அட்டையாம்.

மறுநாள் அந்தப் பெண் புத்தகப் பெட்டியைத் தூக்க முடியாமல் தாழ்வாரத்தில் நின்றிருந்தார். "என்னம்மா, இப்பவே காலி பண்றீங்க? இறுதி ஒப்புதல் இன்னும் வரலையே," என்றேன்.

"உங்க கையே ஏறிடுச்சு, இனிமே எந்தக் கை சார் இறங்கப் போகுது? அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க."

பிடித்தேன். அதே கையால்.

இறுதி ஒப்புதல் புதன்கிழமை. எல்லோரும் கை தூக்கினால்தான் தீர்மானம் செல்லும்; ஒரு கை குறைந்தாலும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும், அந்தப் பெண்ணின் வேலையும் அதுவரை தப்பும். ஆகவே நான் தூக்கப்போவதில்லை. ஆனால் என் கையை நான் நம்பவில்லை, சுற்றி எல்லாம் ஏறினால் இதுவும் ஏறிவிடும். அதனால் தோளில் சுளுக்கு என்று சொல்லிவிட்டேன். உன் பெரியம்மா பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து, கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டாள். "ஒண்ணும் செய்யாம உட்கார்ந்திருக்கிறதுக்கு இவ்வளவு ஏற்பாடா?" என்று கேட்டாள். அவளுக்குப் புரியாது. கட்டு இருந்தால் நான் எதிர்த்ததாகவும் ஆகாது, துறையும் பிழைக்கும். இப்படி ஒரு வழி கிடைத்ததை என் சொந்தச் சாதனையாகவே நினைக்கிறேன். நீ அந்த அட்டைப் படத்தை மட்டும் நீக்கிவிடு. கையெழுத்துக் கோணலுக்கு மன்னித்துக்கொள், இடது கையால் எழுதுகிறேன்.

நீ நெடுங்காலம், கூட்டங்கள் குறைவாக, வாழ வேண்டும்.

உன் நலம் நாடும்
பெரியப்பா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது கல்லூரி எழுத்தர் தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், உங்களுக்குக் கை சுளுக்குன்னு கேள்விப்பட்டு முதல்வர் ரொம்ப வருத்தப்பட்டார். உங்களுக்காகவே முறைய மாத்திட்டார். புதன்கிழமை எதிர்க்கிறவங்க மட்டும் கை தூக்கினா போதும். சும்மா இருந்தா சம்மதம்னு எடுத்துக்குவாங்க. நீங்க சிரமப்படாம வந்து உட்காருங்க." நன்றி என்று சொல்லி வைத்தேன். "அதான் இடது கை இருக்கே, இவ்வளவு நேரம் எழுதிச்சே," என்கிறாள் உன் பெரியம்மா. இடது கையை உயர்த்தினால் விதிப்படி செல்லுமா என்று விசாரித்து எழுது. இந்தக் கடிதம் உன்னிடம் வருவதற்குள் புதன்கிழமை போய்விடும் என்பது தெரியும். தொலைபேசியிலேயே கேட்டிருக்கலாம். நீ 'செல்லும்' என்று சொல்லிவிட்டால்?