ஏழு நாள் காயவேண்டிய டைல்

கையில் பிரஷ் கிடைத்தால் போதும், தன்னைப் பெரிய கான்ட்ராக்டர் என்று நினைத்துக்கொள்ளும் ஜென்மம் வீட்டுக்கு ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் அது நான்தான்.

அந்த வருடம் தங்கை மாலினிக்குத் தலை தீபாவளி. மாப்பிள்ளை பிரகாஷ் முதல் நாளே கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்குவார். தீபாவளி காலையில் அவருடைய அப்பா அம்மா பிரிக்பீல்ட்ஸிலிருந்து பலகாரத்தோடு வருவார்கள். சம்பந்தி வீடு அப்படி ஒரு சுத்தம். எங்கள் குளியலறைத் தரையிலோ அப்பா காலத்து ரோஸ் நிறப் போர்சலின் டைல், என்ன தேய்த்தும் போகாத கறையோடு.

"அண்ணே, அத்தை அந்த பாத்ரூமைப் பார்த்தா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? ஏதாச்சும் பண்ணுங்கண்ணே" என்று மாலினி போனில் அழாத குறையாகச் சொன்னாள்.

டைலை உடைக்க வேண்டாம், மேலே பெயிண்ட் அடித்தாலே போதும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். (அந்த வீடியோக்காரன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும்!) ஹார்டுவேர் கடைக்காரர் டின்னைக் கொடுக்கும்போதே சொன்னார்.

"பாஸ், முதல்ல பிசுக்கு போகக் கழுவி, சேண்ட்பேப்பர் போட்டு நல்லா தேய்ங்க. அடிச்சப்புறம் ஏழு நாள் தண்ணி படக்கூடாது லா."

"தெரியும் பாஸ்" என்றேன். (ஒரு மண்ணும் தெரியாது.) தீபாவளிக்கு இருந்தது மூன்றே நாள். தேய்த்தால் தோள் வலிக்கும் என்று சேண்ட்பேப்பரைத் தொடவே இல்லை. அடித்துவிட்டு ஃபேனைப் போட்டேன். நானும் அம்மாவும் மூன்று நாள் பின்பக்கக் குழாயடியில் குளித்தோம். தீபாவளிக்கு முதல் நாள் வந்து பார்த்த மாலினி, வெள்ளைவெளேரென்று இருந்த தரையைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மனிதனாக வாழ்ந்தது அந்த ஒரு நிமிடம்தான்.

தீபாவளி என்றால் எண்ணெய்க் குளியல் என்பது என் மரமண்டையில் ஏறவே இல்லை.

விடிந்ததும் அம்மா மாப்பிள்ளையை உட்காரவைத்து, நல்லெண்ணெய் வழிய வழியத் தேய்த்து, சீயக்காயும் வாளி நிறைய வெந்நீரும் கொடுத்து உள்ளே அனுப்பினார். பத்து நிமிடத்தில் உள்ளேயிருந்து குரல்.

"மச்சான்... தரை என் கால்கூடவே வருது!"

கதவு திறந்தது. இடுப்பில் துண்டு, முழங்கால்வரை பிய்ந்து ஒட்டிய பெயிண்ட், உள்ளங்கால் இரண்டும் வெள்ளை.

"மாப்ள, அசையாதீங்க!" என்று கத்தினேன். அதற்குள் வாசலில் கார் சத்தம். துண்டோடு நின்ற மனிதர் பதறிப்போய் ஹாலைக் கடந்து அறைக்கு ஓடினார். பளபளப்பு போன எங்கள் சிமெண்ட் தரையில், சாமி மேடையைத் தாண்டி அறைவாசல்வரை, வரிசையாக வெள்ளைப் பாதங்கள்.

சம்பந்தியம்மா பலகாரத் தட்டோடு நிலைவாசலிலேயே நின்றுவிட்டார். மாலினியின் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். ஐயோ, தங்கையின் மானத்தைக் காப்பாற்றப்போய் நானே கப்பலேற்றிவிட்டேனே! பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

"என்ன தம்பி," என்று அந்த அம்மா நிதானமாகக் கேட்டார், "இன்னிக்குத் தீபாவளிதானே? கிருஷ்ண ஜெயந்திக்குப் பாதம் போட்டு வெச்சிருக்கீங்க?"

முதலில் சிரித்தது மாலினிதான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

குளியலறை டைலில் மூன்று நாள்கூட ஒட்டாத அந்தப் பெயிண்ட், ஹால் தரையை இன்றுவரை விடவில்லை. தின்னர் ஊற்றினேன், உளி வைத்துச் சுரண்டினேன், கெஞ்சியும் பார்த்தேன். வருடம் தவறாமல் கிருஷ்ண ஜெயந்தியன்று சம்பந்தியம்மா போன் செய்கிறார்.

"தம்பி, நீங்க மாவு கரைச்சுராதீங்க லா. உங்க வீட்டுக்குத்தான் எம்மவன் அப்பவே வந்துட்டானே."