முறைப்படி இரண்டு தடவை

இதைச் சாகும்வரை என் மனைவியிடம் சொல்வதில்லை என்று காலை பத்தேகால் மணிக்கு முடிவெடுத்தேன். உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

தொலைபேசி அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவன் நான். கட்டணம் கட்டாதவர்களின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்ட கை இது. அப்பேர்ப்பட்ட எனக்கே ஒருவன் போன் செய்து, "இன்னும் ரெண்டு மணி நேரத்துல உங்க இணைப்பைத் துண்டிக்கப் போறோம். இப்ப உங்க போனுக்கு வந்திருக்கிற ஆறு இலக்க எண்ணைச் சொல்லுங்க" என்றான். சொன்னேன். அதுவும் அலுவலக முறைப்படி, ஒவ்வொரு இலக்கமாக, இரண்டு தடவை. மனைவியின் கண் ஆபரேஷனுக்கு என் வங்கிக் கணக்கில் வைத்திருந்த பணம் போயே போய்விட்டது.

பதினோரு மணிக்கு அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். முகம் தொங்கியிருந்தது.

"ஏங்க, திட்டாதீங்க. போன்ல எவனோ என்னை ஏமாத்திட்டான். என் கணக்குல இருந்ததெல்லாம் போச்சு."

துள்ளி எழுந்தேன். "எவன் அவன்? வயசானவங்கன்னா அவனுக்கு அவ்வளவு இளக்காரமா?"

"இணைப்பைத் துண்டிச்சிடுவேன்னு மிரட்டினான், அந்தப் பாவி."

"ரெண்டு மணி நேரத்துலன்னு சொல்லியிருப்பானே? வீட்ல யார்கிட்டயும் பேசாதேன்னிருப்பானே?"

"அட, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முப்பத்திரண்டு வருஷ அனுபவம்!"

அவள் பெருமூச்சு விட்டாள். "விடுங்க. வெளியே தெரிஞ்சா அசிங்கம். பக்கத்து வீட்டு வக்கீல் விழுந்து விழுந்து சிரிப்பார்."

"சிரிக்கட்டுமே! திருடினவன் கூச்சமில்லாம திரியறான், பறிகொடுத்த நீ ஏன் கூச்சப்படணும்? நீ வாயை மூடிக்கிட்டா நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போன் போடுவான். நேரம் ஆக ஆகப் பணம் கைமாறிடும். இப்பவே புகார் குடுக்கணும்!"

"புகார் குடுக்கறது அவமானம் இல்லையா?"

"குடுக்காததுதான் அவமானம்!"

"அப்ப நீங்களே எழுதுங்க. எனக்குக் கை நடுங்குது. பேரை மட்டும் விட்டுடுங்க, அங்க போய் எழுதிக்கலாம்."

எழுதினேன். எழுதிய வேகத்தில் காகிதம் இரண்டு இடத்தில் கிழிந்தது. கூப்பிட்டவனின் எண்ணை அவள் ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்துச் சொன்னாள். காலையில் என்னைக் கூப்பிட்ட அதே எண்! படுபாவி, ஒரே வீட்டில் இரண்டு பேரை மொட்டையடித்திருக்கிறான். என் கோபம் தலைக்கேறியது. ஆனாலும் என் விஷயத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. இவள் புகாரில் அவன் மாட்டினால் என் பணமும் சத்தமில்லாமல் திரும்பிவிடும் அல்லவா?

காவல் நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி புகாரைப் படித்தார். "யாரு ஏமாந்தது?"

நான் மனைவியைக் காட்டினேன். மனைவி கைப்பையைத் திறந்து, என் போனை எடுத்து மேசைமேல் வைத்து, என்னைக் காட்டினாள்.

"நானா? நீதானே..."

"நான் ஏமாறலைங்க. நீங்க பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருந்தீங்க. கேட்டா சொல்லியிருப்பீங்களா? குடுக்காததுதான் அவமானம்னு சொன்னீங்களே, கையெழுத்துப் போடுங்க."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், வங்கிக்குப் போன் செய்தார். பேசி முடித்துவிட்டு, "நல்லவேளை, சீக்கிரமா வந்துட்டீங்க ஐயா. பணம் இன்னும் அந்தக் கணக்கைத் தாண்டிப் போகலை. நிறுத்தி வைக்கச் சொல்லிட்டேன்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. கையெழுத்துப் போட்டபடி மனைவியின் காதில், "உனக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று கிசுகிசுத்தேன்.

அவள் கிசுகிசுக்கவில்லை. அதிகாரியைப் பார்த்தே பதில் சொன்னாள்:

"அந்த ஆறு இலக்கத்தையும் எவ்வளவு தெளிவா வாசிச்சார் தெரியுமா மேடம்? ரெண்டாவது தடவை வாசிக்கும்போது சமையலறையில எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு."