போனில் மாட்டிக்கொண்ட கெட்டிமேளம்

ஒருவனுக்கு டெக்னிக்கல் மூளை இருப்பதாகக் குடும்பம் நம்பிவிட்டால், அதோடு அவன் நிம்மதி போச்சு. அம்மாவின் போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்ததைத் தவிர நான் எதையும் சாதித்ததில்லை. (அதையும் திரும்பச் சின்னதாக்கத் தெரியவில்லை.)

கண்டியில் அக்காவின் கல்யாணம். மேளக்காரர்களின் வேன் ஹுன்னஸ்கிரிய வளைவில் டயர் வெடித்து நின்றுவிட்டது. முகூர்த்த நேரமோ ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் பெரியம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: "மேளம் இல்லாம தாலி ஏறக்கூடாது. யாராவது தும்முனா காதுல விழும்." அப்பாவின் முகம் வெளுத்துப்போனது.

"கவலைய விடுங்கப்பா. போன வருசம் சித்தப்பா மகன் கல்யாணத்துல எடுத்த கெட்டிமேளம் என் போன்ல இருக்கு" என்றேன். என் வாயைத் தைத்திருக்க வேண்டும்.

மண்டபத்து ஸ்பீக்கரில் பென் டிரைவ் குத்தலாம் என்றார் சவுண்ட்காரர். வீடியோக்காரரிடம் கெஞ்சி ஒரு பென் டிரைவையும் அதைப் போனில் மாட்ட ஒரு குட்டி வயரையும் வாங்கி, போனிலிருந்து கொப்பி பண்ணிக் குத்தினேன். ஸ்பீக்கர் வாயே திறக்கவில்லை. நான் கொப்பி பண்ணியது வீடியோ. அதற்குப் பாட்டுதான் வேண்டுமாம். சத்தத்தை மட்டும் பிரிக்க ஓர் ஆப்பை இறக்கினேன். அது முதலில் தொப்பை குறைக்கும் மருந்து விளம்பரத்தைப் பார்க்கச் சொன்னது. பார்த்தேன். கடைசியில் கைவிரித்தது. சவுண்ட்காரரின் போனுக்கு அனுப்பலாம் என்றால் அதில் இடமில்லை.

"ஏதாவது அழிங்கண்ணே!"

"எல்லாம் மகளோட படம் தம்பி. உங்க அக்காவுக்காக எம் மகள அழிக்கவா?"

கடைசியில் புளூடூத் கைகொடுத்தது. போனில் தட்டினால் மண்டபமே அதிர்ந்தது. அப்பா என் தோளைத் தட்டிக்கொடுத்தார். என் வாழ்க்கையில் அவர் என்னைப் பார்த்துப் பெருமைப்பட்ட நேரம் அதுதான். "போன மட்டும் ஓஃப் பண்ணிறாதடா, மேளக்காரங்க கூப்பிடுவாங்க" என்றார்.

ஐயர் விரலை உயர்த்தினார். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

தட்டினேன். மேளம் முழங்கியது. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டார். சட்டென்று மேளம் நின்று, தெருத்தெருவாய்ப் பாண், பணிஸ் என்று ரொட்டி விற்க வரும் பாண் ஆட்டோவின் மியூசிக் மண்டபமெங்கும் அலறியது. (எந்தத் தூக்கத்திலும் அதைக் கேட்டால் எழும்பிவிடுவேன் என்பதால் ரிங்டோனாக வைத்திருந்தேன்.) சின்னப்பிள்ளைகள் பணிஸ் வாங்க வாசலுக்கு ஓடினார்கள். மாப்பிள்ளையின் கை அப்படியே நின்றது.

அழைப்பை வெட்டப் போன என் விரல், பதற்றத்தில் எடுத்துத் தொலைத்தது. ஸ்பீக்கரில் நாதஸ்வரக்காரரின் குரல் இடியாய் இறங்கியது: "தம்பி, மண்டப வாசலுக்கு வந்துட்டோம்! நாங்க வாற வரைக்கும் தாலிய நிப்பாட்டுங்க!"

"நிப்பாட்டாதீங்க! கட்டுங்க!" என்று ஐயர் கத்த, "நேரம் போகுது மாப்ள!" என்று அப்பா அலற, பெரியம்மா உண்மையிலேயே தும்மிவிட, மிச்ச முடிச்சும் விழுந்தது. எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. அக்காவோ தலையைக் குனிந்து குலுங்கிக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்றே நினைத்தேன். நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, சிரிப்பை அடக்க முடியாத தவிப்பு.

இப்போது அக்கா ஹந்தானையில் இருக்கிறாள். தினமும் காலையில் பாண் ஆட்டோ சத்தம் கேட்டதும், மச்சான் வேண்டுமென்றே எழுந்து நின்று அக்காமேல் ஒரு பிடி அரிசி தூவுகிறார். அவளும் சிரிக்காமல் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். இதை ஜன்னல் வழியே பார்த்துவிட்ட பாண்காரர், ஏதோ பூஜை என்று நினைத்து, அந்த வீட்டுக்கு வரும்போது மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பாணைக் கொடுக்கிறாராம்.