மஞ்சள் தண்ணீரில் ஒரு பம்ப் சோதனை

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எந்தப் பொருளையும் நடைமுறை தெரிந்தவன் கையில் கொடுக்கக் கூடாது. ஒழுங்காகத்தான் ஓடுகிறதா என்று பார்க்கிறேன் பேர்வழி என்று அதை நிறுத்திவிட்டுத்தான் ஓய்வான். இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. வேலைக்காலம் முழுக்கத் தண்ணீர் இலாகாவில் பம்புகளைச் சோதித்தே சம்பளம் வாங்கியவன் நான். எங்கள் சோதனைக் கையேடு வெள்ளைக்காரன் காலத்தது. மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்தபோது அவன் கப்பலேறிப் போனான், கையேடு போகவில்லை. அதை மனப்பாடம் செய்தவர்களில் நான் முதல்வன். (போட்டிக்கு வேறு யாரும் வரவில்லை என்பது வேறு விஷயம்.)

சூட்டைத் தணிக்கக் கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் ஓடவிடும் வித்தை ஊருக்குப் புதிதாக இருந்த காலம் அது. என் மனைவி சாந்தியின் தம்பி மோகன், செங் பகுதியில் பார்த்த தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, காஜா பேராங்கில் எங்கள் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் கட்டிக் கொடுக்க ஆரம்பித்திருந்தான். மாதங்கள் ஓடின; பேர் சொல்லும்படி ஒரு வேலையும் வரவில்லை. தொழிற்சாலை சூப்பர்வைசர் திரும்பி வரச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். அந்தச் சமயத்தில்தான் கிளேபாங்கிலிருந்து கல்யாண வீடியோ எடுக்கும் சேகர் வந்தார். காற்றாடி இரைச்சல் இல்லாமல், சூடேறி நின்றுபோகாமல் நாள் முழுக்க உழைக்கும் கம்ப்யூட்டர் அவருக்கு வேண்டும். பிடித்திருந்தால் தன் கூட்டாளிகளையும் அனுப்புவதாகச் சொன்னார். சனிக்கிழமை காலையில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. பிடிக்காவிட்டால் மோகன் மறுபடி செங் பஸ் ஏற வேண்டியதுதான்.

மோகன் செய்தது எளிமையான அமைப்பு. சூடாகும் கம்ப்யூட்டர் சில்லின் மேல் உட்காரும் ஒரு செம்புக் கட்டி. அதன் அடியில் மயிரிழை போன்ற பள்ளங்கள். மீன்தொட்டிக் கடையில் வாங்கிய பம்ப், அந்தப் பள்ளங்கள் வழியே தண்ணீரைத் தள்ளி ரேடியேட்டருக்கு அனுப்பும். கம்ப்யூட்டரில் பொருத்துமுன் எல்லாவற்றையும் மேசைமேல் இணைத்து ஓடவிட்டான். ஓடியது.

"ஓடுது மாமா, போதும்" என்றான்.

ஓடுவது வேறு, செயல்திறன் வேறு என்று நான் ஆரம்பித்தேன். அளவுச் சாடியில் தண்ணீரைப் பிடித்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்காலி மேல் ஏறி, குழாயை எவ்வளவு உயரம் தூக்கினால் தண்ணீர் நிற்கிறது என்று பார்த்தேன். எல்லாவற்றிலும் பம்ப் தேறிவிட்டது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மிச்சம் இருந்தது கசிவுச் சோதனை. இலாகாவில் தண்ணீரில் சாயம் கலந்து ஓடவிடுவோம். எங்கே கசிந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். சாயத்துக்கு எங்கே போவது? சமையலறைக்குப் போனேன். வெள்ளைக் காகிதத்தில் மஞ்சள்தூளைப் போல் பளிச்சென்று தெரிவது வேறு உண்டா? தாராளமாக அள்ளிக் கரைத்தேன். (கரைந்ததாக நினைத்தேன் என்பதே சரி.) இணைப்புகளுக்கு அடியில் காகிதம் விரித்து, விடிய விடிய ஓடவிட்டோம். காலையில் ஒரு சொட்டுக் கறை இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

சேகர் வந்து உட்கார்ந்தார். கையேட்டின்படி இறுதிச் சோதனை வாடிக்கையாளர் முன்னிலையில்தான் நடக்க வேண்டும். சாடியை வைத்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன், தலையசைத்தேன். மோகன் குழாயைச் சாடிக்குள் விட்டான். மூக்குச்சளி போல் ஒழுகியது.

"நேத்து நல்லா ஓடுச்சே மாமா" என்று முணுமுணுத்தான்.

நேற்றைய கணக்கு நேற்றோடு போயிற்று என்று அவனை அடக்கிவிட்டு, பம்ப் தேறாது என்று தீர்ப்புச் சொன்னேன். மாற்று பம்பைப் பொருத்தச் சொன்னேன். அதுவும் ஒழுகியது. அதையும் தள்ளுபடி செய்தேன். மீன்தொட்டிக் கடைக்காரர்களின் தரத்தைப் பற்றி ஒரு சிற்றுரையும் ஆற்றினேன். மோகனின் முகத்தைப் பார்க்கத் தோன்றவே இல்லை.

சேகர் எழுந்தார். "இப்பவே இப்படின்னா எப்படிண்ணே? நான் வேற எடம் பாக்குறேன் லா."

அந்த நேரத்தில்தான் சாந்தி கையில் மீன் வாடையோடு உள்ளே வந்தாள். மேசை ஓரம் மஞ்சள் டப்பா. குழாயெல்லாம் மஞ்சள்.

"என்னங்க, நான் மீனுக்குத் தடவ மஞ்சத்தூளத் தேடிக்கிட்டு இருக்கேன். நீங்க பம்புக்குத் தடவிட்டீங்களா?"

மோகன் திருப்புளியை எடுத்துச் செம்புக் கட்டியைத் திறந்தான். பொரிக்கத் தயாரான மீனைப் போலவே, கீறலுக்குக் கீறல் மஞ்சள் அப்பிக் கிடந்தது. தண்ணீர் எந்த வழியாகப் போகும்?

சுத்தம் செய்யப் பல் துலக்கும் பிரஷ் வேண்டுமென்றான் மோகன். சாந்தி யோசிக்காமல் என்னுடையதைக் கொண்டுவந்து கொடுத்தாள். தேய்த்துக் கழுவி, நான் முதலில் தள்ளுபடி செய்த அதே பம்பை இணைத்து, சுவிட்சைத் தட்டினான். சாடியருகே குனிந்து அளவு பார்க்கத் தயாராக இருந்தேன். குழாய் துள்ளி எழுந்து, மிச்சமிருந்த மஞ்சள் தண்ணீரை என் முகத்திலும் வெள்ளைச் சட்டையிலும் பீய்ச்சியது. அளவு திருப்திகரம்.

சேகர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். சிரித்து முடித்து மூச்சு வாங்க அவருக்கு நேரம் பிடித்தது.

"விடிய விடிய கொழம்ப ஓட்டியும் பம்ப் எரியல. வெறும் தண்ணிய ஓட்டாதா? இந்த பம்பையே போடுங்க தம்பி" என்றார். போகும்போது, இனி வருகிற கம்ப்யூட்டர்களை அண்ணன் சோதிக்க வேண்டாம் என்று ஒரே ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். மோகன் அதை இன்றுவரை மீறவில்லை. சொன்னபடியே சேகர் கூட்டாளிகளை அனுப்பினார். முன்னறை போதாமல், மோகன் புக்கிட் காதிலில் கடை எடுத்து இப்போது ஆள் வைத்து நடத்துகிறான். செங் பஸ் ஏறவே இல்லை.

போன மாதம் மோகன் மகளுக்குக் கல்யாணம். நலங்கு வைக்க என் முறை வந்தது. மஞ்சள் கிண்ணத்தில் விரலை நனைத்து, முறைப்படி முதலில் எந்தக் கன்னம் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். மணப்பெண் குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்:

"மாமா, கொஞ்சமா தடவுங்க. அடைச்சிக்கப் போவுது."

வீடியோ எடுத்தவர் சேகர்தான். அதற்கப்புறம் கொஞ்ச நேரத்துக்குப் படம் முழுக்க நடுங்குகிறது.