காயில் மாமா சுற்றாத ஒயர்

காயில் மாமா கண்ணில் பட்ட பிறகும் நேராக இருந்த ஒயர் அடையாறிலேயே கிடையாது. எங்கள் ஃப்ளாட்ஸின் தரைத்தளத்தில் தனியாக இருந்தவர். செப்புக் கம்பி கிடைத்தால் பென்சிலில் சுற்றுவார், பென்சில் இல்லாவிட்டால் முருங்கைக்காயில். அந்தச் சுருள்தான் காயில். காபி குடிக்க வந்தால் நம் வீட்டு இஸ்திரிப்பெட்டி ஒயர் அவர் விரலில் ஏறியிருக்கும்.

"காயில்ங்கறது நல்ல வாட்ச்மேன் மாதிரிப்பா. ஒயர்ல நிதானமா வர்றதை விட்டுடும். துடிச்சுண்டு வர்றதை வாசல்லயே நிறுத்திடும்" என்பார், பாதிக் கனவில் இருப்பவர்போல. மனிதர்களுக்கும் இதே விதிதான். ஓடிவந்து தட்டினால் கதவைத் திறக்க மாட்டார்.

அந்தக் காயில் வாட்ச்மேனுக்கு வேலை மாடியிலிருந்து வந்தது. ரிட்டையரான கணக்கு டீச்சர் ஒருவர் அங்கே லைசென்ஸ் வாங்கி ஹாம் ரேடியோ வைத்திருந்தார். தனிக்கட்டை. கடல் காற்று வரும் சாயங்காலங்களில், ஊர் ஊராக இருந்த வயர்லெஸ் சிநேகிதர்களுடன் பேசுவதுதான் அவருக்கிருந்த ஒரே பேச்சு. அது எங்கள் டிவிகளிலும் புகுந்துவிட்டது. சீரியலில் கதாநாயகி கணவன் காலில் விழுந்து அழுவாள். "முழங்கால் வலி இப்போ தேவலை, ஓவர்" என்று டீச்சர் குரல் கேட்கும்.

ஃப்ளாட்ஸ் செகரட்டரி கொதித்தார். "ஞாயித்துக்கிழமை மீட்டிங். மொட்டைமாடி ஆன்டெனாவைக் கழட்டிட வேண்டியதுதான்!"

ஆன்டெனா போனால் டீச்சரின் பேச்சும் போச்சு.

மாமா அன்றே பை நிறையக் கறுப்புக் காந்தக்கல் மாதிரியான ஃபெரைட் வளையங்கள் வாங்கிவந்தார். பாங்க் குமாஸ்தாவான என் கையில் டார்ச்சைத் திணித்து வீடு வீடாக ஏறினார். டிவியின் கரண்ட் ஒயர், ஸ்பீக்கர் ஒயர் எல்லாவற்றையும் வளையத்தில் சுற்றினார். கரண்டும் வசனமும் நிதானமான ஆசாமிகள், உள்ளே போயின. டீச்சரின் ரேடியோ அலை மட்டும் வாசலில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லா வீட்டிலும் கதாநாயகி நிம்மதியாக அழ ஆரம்பித்துவிட்டாள். மீட்டிங்கில் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேசிவிட்டுக் கலைந்தோம்.

அன்று சாயங்காலம், மிச்சமிருந்த ஒரு வளையத்தைக் கொடுக்கப் போனேன். நிதானமாகத் தட்டினேன், கதவு திறந்தது. மாமாவின் டேப்ரிக்கார்டரில் கேசட்டே இல்லை. ஆனால் அதன் ஸ்பீக்கரில் டீச்சர் பேசிக்கொண்டிருந்தார்.

"இதுக்கு மட்டும் சுத்தலையா மாமா?"

"ஷ்ஷ்!"

"எங்காத்துல இன்னிக்கு வத்தக்குழம்பு. நீங்க என்ன சாப்ட்டேள், ஓவர்?" என்று எந்த ஊர்க்காரரையோ கேட்டார் டீச்சர்.

மாமா ஸ்பீக்கரிடம் குனிந்தார். "மோர் சாதம்தான். ஓவர்."

அந்தப் பெட்டியிலிருந்து ஒரு வார்த்தைகூட மாடிக்குப் போகாது என்பது அவருக்கா தெரியாது? வளையத்தை என் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அந்த மனுஷரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது அப்போதுதான்.