ஹோன் அண்ணன் வாங்கிய கிராபிக்ஸ் கார்ட்

இலங்கை முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும், கிராபிக்ஸ் கார்டை லொறி வாங்குவதுபோல் ஓட்டிப் பார்த்து வாங்கிய மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் ஹோன் அண்ணன்.

கொட்டகலைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவர். வளைவு வந்தால் ஹோன் அடிக்காமல் திரும்பமாட்டார். அதிலென்ன அதிசயம் என்பீர்கள். நடந்து போனாலும் அடிப்பார், வாயால். கோயிலைச் சுற்றிக் கும்பிடும்போதுகூட மூலைக்கு மூலை "பாம், பாம்" என்று சத்தம் வரும். பூசாரி தட்டோடு ஒதுங்கி வழிவிடுவார்.

அப்படிப்பட்டவரின் வலது காலில் சீனி வருத்தம், அதாவது சர்க்கரை வியாதி, வந்து உட்கார்ந்தது. பிரேக்கை மிதித்திருக்கிறோமா இல்லையா என்று காலுக்கே தெரியாமல் போனது. லொறிச் சாவி வேறொருவர் கைக்குப் போனது. ஹோன் அண்ணன் வாயால் ஹோன் அடிப்பதையும் நிறுத்திவிட்டார். அதுதான் எங்களைப் பயமுறுத்தியது.

பிறகு ஒருநாள் நான் கிளாக்கராக இருக்கும் தோட்ட ஆபீசுக்குள் போனை நீட்டிக்கொண்டு வந்தார். போனில் ஓடிய வீடியோவில் யாரோ ஒருவர் கம்ப்யூட்டரில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"கிளாக்கரய்யா, இவரு காலை எங்க வச்சிருக்காருன்னு பாருங்க."

"சம்மணம் போட்டு உக்காந்திருக்காரு அண்ணே."

"அதாங்க! பிரேக்கு விரல்ல இருக்கு. இந்த மிசின் எனக்கு வேணும்."

அதுவரை அவர் கம்ப்யூட்டரைத் தொட்டதுகூட இல்லை. அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டா? அந்த ஞாயிற்றுக்கிழமையே என்னை இழுத்துக்கொண்டு ஹட்டனுக்கு பஸ் ஏறிவிட்டார்.

கடைக்காரர் ரிஸ்வான் நானா பொறுமைசாலி. "கேம் ஓட்ட கிராபிக்ஸ் கார்ட்தான் முக்கியம். படத்தை வரைஞ்சு தள்றது அதுதான்" என்றார்.

"அப்ப அதுதான் எஞ்சின்" என்று ஹோன் அண்ணன் தீர்ப்பு சொன்னார்.

முதலில் மலிவாக ஒரு பழைய கார்டைக் காட்டினார் நானா. இராப்பகலாக இணையக் காசு தோண்டுவதற்கு ஓடிய கார்ட் என்பதையும் மறைக்காமல் சொன்னார். "வாடகைக்கு ஓடுன வண்டி. வேணாங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார் அண்ணன். இன்னொன்று கலர் கலராக மின்னியது. இதற்குக் கரண்டும் நிறைய வேண்டும் என்றார் நானா. "எங்க லயத்து வீட்டுக் கரண்டு இதுக்குத் தீனி போடாது. லைட்டெல்லாம் தேருக்குப் போதும்!" என்று தள்ளிவைத்தார் அண்ணன்.

அப்புறம் சின்னதாக ஒரு புதுக் கார்டை மாட்டி லொறியை ஓடவிட்டார் நானா. நன்றாகவே ஓடியது.

"மலைப்பாதைல விடுங்க. மழை பெய்யட்டும். மிஸ்டும் எறங்கட்டும்."

மிஸ்ட் இறங்கிப் பனிமூட்டமாய்ப் பாதையை மூடியதும் படம் விக்கி விக்கி நின்றது.

"மூச்சு வாங்குது."

"வெயில்ல நல்லாத்தானே ஓடிச்சு அண்ணே!" என்றார் நானா.

"நம்ம ஊர்ல வெயிலு ஏதுங்க?"

இப்படியே ஞாயிறு தவறாமல் போனோம். கடைசியில், மினுக்கல் இல்லாத, இரண்டு காற்றாடி வைத்த ஒரு கறுப்புக் கார்ட் மிஸ்ட்டில் அலுங்காமல் ஏறியது. அண்ணன் அதைத் தட்டிக்கொடுத்து, ஒரு கம்ப்யூட்டரோடு சேர்த்து வாங்கினார். நானா எங்களைவிடச் சந்தோஷப்பட்டு, கார்டை மாட்டும் விதத்தையும் காட்டிக்கொடுத்தார்.

புது வண்டிக்குப் பூசை போடாமல் ஓட்டலாமா? மறுநாள் நான் அவர் வீட்டுக்குப் போவதற்குள் கார்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சூடம் காட்டி, கம்ப்யூட்டருக்குள் செருகியாகிவிட்டது. பெட்டியின் கால்களுக்கடியில் எலுமிச்சம்பழங்கள் நசுங்கிக் கிடந்தன. நாற்காலியில் அண்ணன், வேட்டி சட்டையோடு. சுவிட்சைப் போட்டார். காற்றாடி சுற்றியது. திரை மட்டும் இருட்டாகவே இருந்தது.

எத்தனையோ தரம் போட்டு அணைத்தார். பிறகு கையை எடுத்துவிட்டார். காலைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை பேசாத மனிதர், வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"இதுவும் ஓடலைன்னா நான் என்னாங்க செய்வேன்?"

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கார்டைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே செருகும் தங்க நிற விளிம்பு முழுக்கச் சந்தனம்!

"என்ன அண்ணே இது?"

"அதுதானுங்களே மொகம் மாதிரி பளபளன்னு இருந்துச்சு!"

சிரிப்பை அடக்கிக்கொண்டு அழிறப்பரால் தேய்த்தேன், துணியால் துடைத்தேன், செருகும் பள்ளத்தையும் பிரஷால் தட்டினேன். கார்டைச் செருகி மறுபடி சுவிட்சைப் போட்டதும் திரையில் வெளிச்சம் வந்தது. சற்று நேரத்தில் மலைப்பாதையும் வந்தது. முதல் வளைவில், எத்தனையோ நாளுக்குப் பிறகு, லயமே அதிர ஒரு "பாம், பாம்!" பக்கத்து வீட்டில் யாரோ, "ஹோன் அண்ணன் வந்துட்டாருடியோவ்!" என்று கத்தினார்கள்.

இப்போதும் ஞாயிறானால் போகிறேன். அவருக்கு இடது பக்கம் எனக்கொரு முக்காலி. நான் ஏறி உட்காராமல் வண்டியை எடுக்கமாட்டார். இருவருமே பார்த்திராத ஏதோ ஒரு தேசத்து மலையில் இறங்குவோம். பிரேக் அவர் விரலில் இருப்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் இறக்கம் வரும்போதெல்லாம் அவருடைய காலுக்குப் பதிலாக என்னுடைய வலது கால் தரையை அழுத்தி மிதிக்கிறது.