அடையாறுக்குத் தூங்கப் போனவர்

"தூங்கப் போனேன்" என்று ஜவஹர் உண்மையைச் சொன்னதுதான் தப்பாகப் போய்விட்டது.

மழை பிடித்த ஒரு சனிக்கிழமை. தி. நகரில் எவர்சில்வர் பாத்திரக் கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டுக் கிளம்பியவர், மயிலாப்பூர் வீட்டுக்கு ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். புஷ்பம் அவரை வாசலிலேயே நிறுத்திப் பார்த்தாள். முகம் பளிச்சென்று இருந்தது. வழுக்கையைச் சுற்றியிருந்த முடி ஒரு பக்கம் மட்டும் கலைந்திருந்தது. கன்னத்தில் ஏதோ மடிப்பின் கோடு பதிந்திருந்தது.

"தூங்கவா? எங்க?"

"அடையாறுல."

"அடையாறுல யாரு வீட்டுல?"

"வீடு இல்லட்டி. ஒரு ஹாலு. நல்ல இருட்டு. உள்ள நூறு பேரு இருந்தாவ."

புஷ்பம் கதவைப் பிடித்துக்கொண்டாள். சொன்னது சரியாக விழவில்லை என்று ஜவஹருக்கே பட்டது.

"எல்லாம் படிச்ச ஆளுக, பெரிய இடம்" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். அது இன்னும் மோசமாக விழுந்தது. அன்றைக்கு அவருக்கு ரசம் மட்டும்தான் கிடைத்தது.

பாவம், அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஜவஹருக்கு இரண்டு வருஷமாகத் தூக்கம் கிடையாது. படுத்துக் கண்ணை மூடினால் போதும், பகலெல்லாம் கடையில் உருண்ட தட்டும் டம்ளரும் குடமும் மறுபடி காதுக்குள் உருள ஆரம்பித்துவிடும். கசகசாப் பால் குடித்துப் பார்த்தார். மாத்திரை போட்டுப் பார்த்தார். எதுவும் நடக்காதபோது பக்கத்தில் திரும்பி, "புஷ்பம், தூங்கிட்டியா?" என்று கேட்பார். அவள் தூங்கியிருந்தால் எழுந்துவிடுவாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்பார். இதைவிட உருப்படியாக ஒரு மனிதரால் ராத்திரியைக் கழிக்க முடியாது.

அந்தச் சனிக்கிழமை அடையாறில் ஒரு கல்யாணச் சீர்வரிசை ஆர்டர் பேசப் போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. திறந்திருந்த ஒரு கேட்டுக்குள் பெரிய மரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, எதிரே இருந்த கட்டடத்தின் வராந்தாவில் ஒதுங்கினார். நவீனக் கட்டடக் கலை, ஓவியம், சினிமா என்று வாரா வாரம் சொற்பொழிவும் படமும் நடக்கிற இடம் அது. பொறுப்பாளர் மாளவிகா என்ற பெண்மணி. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, "உள்ள வாங்க சார், இப்பதான் ஆரம்பிக்குது. டிக்கெட்டெல்லாம் கிடையாது" என்று கூப்பிட்டார். இலவசம் என்றால் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத வியாபாரி உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

மேடையில் ஒரு கட்டடக் கலைஞர் திரையில் ஒரு சுவரைக் காட்டினார். பிறகு அதே சுவரை வேறு பக்கத்திலிருந்து காட்டினார். "இந்தச் சுவர் நம்மகிட்ட என்ன கேக்குது?" என்று மெல்லிய குரலில் கேட்டார். ஜவஹர் யோசிக்க ஆரம்பித்தார். பதில் வருவதற்கு முன்னால் தூக்கம் வந்துவிட்டது.

தூக்கமென்றால் அப்படி ஒரு தூக்கம். கனவில் அவர் கடை இருக்கும் தெருவில் ஒரு ஆள் இல்லை. கணுக்கால் அளவுக்குத் தெளிந்த தண்ணீர் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதில் எவர்சில்வர் குடங்கள் ஒன்றன் பின் ஒன்றாக மிதந்து போயின. ஒன்றோடொன்று மோதின, ஆனால் சத்தம் வரவில்லை. ஜவஹர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவற்றோடு நடந்தார். கைதட்டல் கேட்டு விழித்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு வருஷத்துக் கடன் தீர்ந்தது போலிருந்தது.

அப்புறம் எந்தச் சனிக்கிழமையும் தவறவில்லை. ஒரு வாரம் ஏதோ தூர தேசத்துப் படம் போட்டார்கள். ஒரு ஆள் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றுகொண்டே இருந்தார். ரயில் வந்ததா என்று ஜவஹருக்கு இன்று வரை தெரியாது.

வீட்டில் மட்டும் விசாரணை நின்றபாடில்லை. "தூங்கப் போனேன்" எடுபடாததால் அடுத்த வாரம் "சொற்பொழிவு கேக்கப் போனேன்" என்று மாற்றினார்.

"என்ன சொன்னாவ அங்க?" என்றாள் புஷ்பம்.

ஜவஹர் தூங்குவதற்கு முன் காதில் விழுந்ததைத் தேடிப் பிடித்தார். "காங்கிரீட்டு மூச்சு விடுமாம்."

"அப்போ நம்ம பாத்ரூம் சுவரு ஒழுகுறது?"

"அது... அது அழுவுதுன்னு நெனைக்கேன்."

புஷ்பம் அவரை ரொம்ப நேரம் பார்த்தாள்.

அதற்கடுத்த வாரத்திலிருந்து அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். அங்கேதான் ஜவஹருக்கு உதைக்க ஆரம்பித்தது. சனிக்கிழமை வந்தால் கடைக்குப் போன் போட்டு, "இன்னும் கெளம்பலியா? நேரமாயிட்டுல்லா?" என்கிறாள். சட்டையைக்கூட அவளே தேய்த்து வைக்கிறாள். முப்பது வருஷம் குடும்பம் நடத்திய மனிதருக்குத் தெரியாதா? திட்டுகிற வரைக்கும் பயமில்லை. திட்டாமல் சட்டை தேய்த்துக் கொடுத்தால் உள்ளே ஏதோ முடிவு எடுத்தாகிவிட்டது என்று அர்த்தம்.

அதனால் ஹாலில் தான் ஒரு முறையான ரசிகர் என்று பெயர் வாங்கிவிட்டால், நாளைக்கு நாலு பேர் சாட்சி சொல்வார்கள் என்று கணக்குப் போட்டார். சந்தர்ப்பம் தானாகவே வந்தது. ஒரு ஓவியர் வெறும் வெள்ளைத் துணிகளை மாட்டி வைத்துப் பேசிய அன்று, மாளவிகா மைக்கைக் கடைசி வரிசைக்குக் கொண்டுவந்தார்.

"இந்தச் சார் எப்பவும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் கேப்பார். அவ்வளவு ஆழ்ந்து கேக்கற ஆளை நான் பார்த்ததே இல்ல. சார், வெறுமையைப் பத்தி உங்க கருத்து?"

அரைத் தூக்கத்தில் எழுந்த ஜவஹர் கடையில் இருப்பதாக நினைத்துக்கொண்டார். "காலியா இருந்தாத்தான் சார் விலை போகும். உள்ள எதையாவது போட்டு வச்சா யாரு வாங்குவா?" என்றார்.

ஹாலில் கைதட்டல் எழுந்தது. ஓவியர் மேடையிலிருந்து இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதன் பலனாக மறுவாரம் அவருக்கு முதல் வரிசையில் இடம் போட்டுவிட்டார்கள். பேச்சாளரின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து எப்படித் தூங்குவது? ஒன்றரை மணி நேரம் கண்ணைப் பிளந்துகொண்டு பாலங்களைப் பார்த்தார். தலைவலியோடு வீட்டுக்கு வந்தால் அங்கே புஷ்பமும் காரணமே இல்லாமல் சிடுசிடுவென்று இருந்தாள்.

"ஏன் ஒரு மாதிரி இருக்க?"

"ஒண்ணுமில்ல. எனக்கு இன்னிக்குத் தூக்கமே சரியில்ல" என்று பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள்.

மறுநாளே ஜவஹர் மாளவிகாவுக்குப் போன் செய்து, "பின்னால இருந்து பார்த்தாத்தான் மேடம் எனக்கு முழுசாத் தெரியும்" என்று கெஞ்சினார். அந்த வாக்கியத்தையும் அந்த அம்மாள் எழுதி வைத்துக்கொண்டார்.

பழைய இடம் கிடைத்தது, பழைய தூக்கமும் வந்தது. இப்போதெல்லாம் கனவில் அவர் தோளில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. யார் வீட்டுக் குழந்தை என்று தெரியவில்லை. தண்ணீர் ஓடும் தெருவில் அதைத் தூக்கிக்கொண்டு, அது எழுந்துவிடக் கூடாதே என்று மெதுவாக நடந்துகொண்டிருந்தார். விழித்த பிறகும் தோளில் அந்தச் சூடு கொஞ்ச நேரம் இருக்கும். அதை ஆற விடாமல், வராந்தாவில் காப்பியும் மெதுவடையும் சாப்பிட்டு, நாலு பேரோடு தலையாட்டிவிட்டு, நிதானமாக வீடு திரும்புவார்.

வீட்டுக்கு வந்தால் புஷ்பத்தின் அமைதி காத்திருக்கும். ஒரு வேளை தம்பியைக் கூப்பிட்டுப் பேசியிருப்பாளோ, புனேயில் இருக்கும் மகள் கீர்த்திக்குச் சொல்லியிருப்பாளோ என்று நினைத்து நினைத்து, சனிக்கிழமை வாங்கிய தூக்கத்தை ஞாயிற்றுக்கிழமையே தொலைத்தார். அவருக்கு அவள் வேண்டும். அவள் தன்னைக் கேவலமாக நினைத்துக்கொண்டு பக்கத்தில் படுத்திருக்கிறாள் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

கடைசியில் வழி ஒன்று கிடைத்தது. லாவண்யா என்ற இளம் இயக்குநர் அந்த ஹாலுக்கு வருகிறவர்களை வைத்தே ஒரு படம் எடுத்திருந்தாள். பல சனிக்கிழமைகள் பின்னால் கேமராவை நட்டுவைத்து எடுத்தது. பெயர் 'பின்னந்தலைகள்'.

"அதுல நான் இருக்கேனாம்மா?" என்று கேட்டார் ஜவஹர்.

"நீங்க இல்லாம படமே இல்ல சார்" என்றாள் லாவண்யா. கண் லேசாகக் கலங்கியிருந்தது.

ஜவஹருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? அவர் தூங்குவதைத் திரை போட்டுக் காட்டப் போகிறார்கள். வீட்டுக்கு ஓடினார்.

"சனிக்கிழமை நீயும் வா."

புஷ்பம் திடுக்கிட்டாள். "நான் எதுக்கு? எனக்கு அதெல்லாம் என்ன புரியும்?"

"நீ வந்து பார்த்தாத்தான் உனக்கு நம்பிக்கை வரும்."

"நான் நம்பலன்னு எப்பச் சொன்னேன்?"

எவ்வளவு குத்தலாகச் சொல்கிறாள் பாருங்கள் என்று ஜவஹர் மனதுக்குள் நொந்துகொண்டார். விடாப்பிடியாக ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

விளக்கணைந்து படம் தொடங்கியது. கறுப்பு வெள்ளை. பேச்சில்லை. வெறும் பின்னந்தலைகள், அவற்றுக்கு அப்பால் மங்கலாக ஒரு மேடை. தன் வழுக்கையை ஜவஹர் உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"பாத்தியா? நான்தான். தலை சாயுது பாரு. தூங்கிட்டேன்" என்று புஷ்பத்தின் காதில் குதூகலமாகச் சொன்னார்.

புஷ்பம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

திரையில் இருட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். தலையோடு சேர்த்துச் சால்வையைப் போர்த்தியிருந்தாள். முகம் தெரியவில்லை. வழுக்கைத் தலைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் விறைப்பாக இருந்தாள். பிறகு அவள் தலை மெல்ல மெல்லச் சரிந்து அவர் தோளில் போய் இறங்கியது.

ஜவஹர் தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

படம் அடுத்த வாரத்துக்குப் போனது. அதே தோள், அதே சால்வை. அதற்கடுத்த வாரம் வெளியே மழைச் சத்தம், உள்ளே அதே இரண்டு தலைகள். மேடையில் ஆட்கள் மாறினார்கள், சுவர்கள் வந்தன, தூண்கள் வந்தன, வெள்ளைத் துணிகள் வந்தன. கீழே அந்த இரண்டு பேரும் உலகத்தையே மறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு வாரம் அவர் இடம் காலியாக இருந்தது. அந்தப் பெண் வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். ஹாலில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். எவ்வளவு அழகாக இருக்கிறது என்று ஜவஹருக்கே ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது. அப்புறம்தான் அது தன் தோள் என்று ஞாபகம் வந்தது.

"அவ நல்லாத் தூங்குதா" என்றாள் புஷ்பம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எத்தனை நாள் தூக்கமோ, பாவம்."

"புஷ்பம், சத்தியமா அவ யாருன்னே எனக்குத் தெரியாது."

"தெரியாதவளுக்கா வாரா வாரம் தோளக் குடுக்கிய?"

"நான் தூங்கிட்டிருந்தேன்ட்டி."

"அதத்தான் மொத நாள்லயே சொன்னிய."

விளக்குப் போடுவதற்கு முன்பே புஷ்பம் எழுந்து விடுவிடுவென்று வெளியே நடந்தாள். இருட்டில் நாற்காலிகளில் முட்டி மோதிக்கொண்டு ஜவஹர் பின்னால் ஓடினார். உள்ளே கைதட்டல் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

மரத்தடியில் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் அவளைப் பிடித்துவிட்டார். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்ததும் ஜவஹருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எனக்குத் தூக்கமே வேண்டாம், புஷ்பம். செத்தாலும் பரவால்ல. இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன். நீ என்னைத் தப்பா நெனைக்காம இருந்தாப் போதும்."

புஷ்பம் சட்டென்று நிமிர்ந்தாள். "வரமாட்டியளா? நீங்க வராட்டா அவ எங்க போய்த் தூங்குவா? வீட்டுல ஒருத்தர் ராத்திரி பூரா எழுப்பிக்கிட்டே இருந்தா அவளும்தான் என்ன செய்வா?"

ஜவஹருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் விழித்துக்கொண்டு நிற்க, வண்டி வெளியே போகட்டும் என்று கேட்டைத் திறந்துவிட்ட வாட்ச்மேன் பீர் முஹம்மது, புஷ்பத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாம்மா, இன்னிக்கு சால்வை எடுத்துக்கினு வர்லியா? வாரா வாரம் போத்திக்கினு வருவீங்களே, உள்ள ஏசில எப்டிம்மா தூக்கம் வந்துது?"